மறைந்திருக்கும் இவால்

கணினி நினைத்த எண்ணை ஆடுபவர் ஊகிக்கும் விளையாட்டு, நிரல் எழுதப் பழகும் பலரின் முதல் பயிற்சிகளில் ஒன்று. பைதான் 2 புழங்கிய காலத்தில் அதை ஒரே முயற்சியில் வெல்ல ஒரு குறுக்குவழி இருந்தது. எண்ணைத் தட்டச்சு செய்யாமல், ரகசிய எண்ணை வைத்திருக்கும் மாறியின் பெயரைத் தட்டினால் போதும்; சரியான விடை என்று நிரல் பாராட்டும். விளையாட்டை எழுதியவர் பெரிய பிழை எதையும் செய்திருக்க மாட்டார். பயனரிடமிருந்து விடையை வாங்க 'இன்புட்' என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருப்பார், அவ்வளவுதான்.

அந்த 'இன்புட்', தட்டிய எழுத்துகளை எழுத்துகளாகவே திருப்பித் தரவில்லை. அவற்றைப் பைதான் கோவையாக எடுத்துக்கொண்டு, கணக்கிட்டு, விடையைத் தந்தது. 7 என்று தட்டினால் 7. 3+4 என்று தட்டினாலும் 7. மாறியின் பெயரைத் தட்டினால் அந்த மாறிக்குள் இருப்பது. கோப்புகளை அழிக்கும் கட்டளையைக் கோவை வடிவில் தட்டினால் கோப்புகள் அழியும். எழுத்துகளை மாற்றாமல் தரும் 'ரா_இன்புட்' என்ற ஃபங்ஷனும் இருந்தது; ஆனால் புதிதாகக் கற்பவர் இரண்டில் எளிய பெயரைத்தான் எடுப்பார். 2008 டிசம்பரில் வெளிவந்த பைதான் 3.0 இதைத் திருத்தியது. 'ரா_இன்புட்' தன் முன்னொட்டை உதிர்த்து 'இன்புட்' ஆனது. கணக்கிடும் பழைய நடத்தை வேண்டுமென்றால் இனி 'இவால்' என்று வெளிப்படையாக எழுதியாக வேண்டும். பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்றுதான் முடிந்தது என்பதால், ஒரே பெயரின் இரு நடத்தைகளும் பத்தாண்டுக்கு மேல் அருகருகே வாழ்ந்தன.

ஓடிக்கொண்டிருக்கும் நிரல், கையில் கிடைத்த எழுத்துச் சரத்தை அந்தக் கணமே நிரலாக இயக்கும் வசதிக்குத்தான் இவால் என்று பெயர். பைதான், ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி, பெர்ல், ரூபி, லுவா, டிக்கிள், யுனிக்ஸ் ஷெல் என எந்த ஸ்கிரிப்ட் மொழியை எடுத்தாலும் அது ஏதோ ஒரு பெயரில் உண்டு. அதைத் தொடவே கூடாது என்பது நிரலாளர்களிடையே ஏறக்குறைய ஓர் ஆசாரம். ஆனால் 2004 முதல் உலகச் செய்தியான சில விபத்துகளைக் கிளறிப் பார்த்தால், யாரோ துணிந்து எழுதிய இவால் அங்கே தென்படுவதில்லை. அங்கே ஓர் இவால் இருக்கிறது என்பதே யாருடைய நினைவிலும் இல்லாத இடங்களில்தான் அவை நடந்திருக்கின்றன.

இவாலின் பிறப்பு காகிதத்தில் நடந்தது. எம்ஐடியில் இருந்த ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழியைப் பற்றி 1960 ஏப்ரலில் அச்சான தம் கட்டுரையில், எந்த லிஸ்ப் கோவையையும் கணக்கிடக்கூடிய ஒரு ஃபங்ஷனை லிஸ்ப் முறையிலேயே எழுதிக் காட்டினார். டூரிங் இயந்திரத்தைவிட அழகான கணித வடிவம் தன் மொழியில் உண்டு என்று நிறுவுவதே அவர் நோக்கம். கட்டுரை அச்சேறும் முன்பே அவருடைய குழுவில் இருந்த ஸ்டீவ் ரஸ்ஸல் வேறொன்றைக் கண்டுகொண்டார்: இந்த ஃபங்ஷனைக் கையாலேயே ஐபிஎம் 704 கணினியின் இயந்திர மொழிக்கு மாற்றினால் லிஸ்புக்கு இன்டர்பிரெட்டர் தயார். கோட்பாட்டையும் நடைமுறையையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறாய், இது வாசிப்பதற்கு எழுதியது என்று தாம் அப்போது சிரித்ததை மெக்கார்த்தியே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ரஸ்ஸல் கேட்கவில்லை. மாற்றி முடித்தார், லிஸ்ப் ஓடத் தொடங்கியது. 1962-இல் 'ஸ்பேஸ்வார்' கணினி விளையாட்டை எழுதியவரும் இதே ரஸ்ஸல்தான்.

லிஸ்பின் இவாலுக்கும் பின்னால் வந்த ஸ்கிரிப்ட் மொழிகளின் இவாலுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. லிஸ்பில் அது வாங்கிக்கொள்வது பட்டியலை. எது செயலி, எது அதன் உறுப்பு என்பது பட்டியலின் அமைப்பிலேயே தீர்ந்துவிடுகிறது. ஓர் உறுப்பின் இடத்தில் வைத்த எழுத்துச் சரம் என்ன செய்தாலும் அந்த இடத்தை விட்டு வெளியே வர முடியாது. ஸ்கிரிப்ட் மொழிகளோ தட்டையான எழுத்துச் சரத்தை வாங்கிக்கொண்டு, அதன் அமைப்பை அந்த நேரத்தில்தான் தேடுகின்றன. சரத்தின் நடுவே வந்து விழும் ஒற்றை மேற்கோள் குறியால் அந்த அமைப்பையே மாற்றிவிட முடிகிறது. பிற்காலத் தொல்லைகளில் பாதிக்கு இதுவே வேர்.

நடைமுறையில் இவால் ஏன் ஈர்க்கிறது? பைதான் 3 தமிழ்ச் சொற்களையும் மாறிகளின் பெயராக ஏற்கிறது. ஒரு கடையின் பில் போடும் நிரலை அதில் எழுதியிருப்பதாகக் கொள்ளலாம். தள்ளுபடி விதி நிரலுக்குள் இல்லை. தனிக் கோப்பில் 'விலை * அளவு * 0.9' என்று ஒரே வரியாக இருக்கிறது. பண்டிகைக்கு 0.9-ஐ 0.8 ஆக்க நிரலாளரைக் கூப்பிட வேண்டாம். கடைக்காரரே கோப்பைத் திருத்திவிடலாம். அந்த வரியை இவாலிடம் கொடுத்ததும் பைதான் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறது, இலக்கண மரமாக அடுக்குகிறது, பைட்கோடாக மாற்றுகிறது, பிறகு இயக்குகிறது. சாதாரண நிரல் கோப்புக்கு நடக்கும் அதே படிகள்தான். ஒரு லட்சம் பில்களுக்கு இந்த விதியைப் போட வேண்டுமானால், முதல் மூன்று படிகளைக் 'கம்பைல்' என்ற ஃபங்ஷன் மூலம் ஒருமுறை முடித்து வைத்துக்கொண்டு, கடைசிப் படியை மட்டும் திரும்பத் திரும்பச் செய்யலாம். இதைச் செய்யாமலேயே இவால் மெதுவானது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு.

விலை, அளவு என்ற பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்பதைச் சொல்வது சூழல். பெயரும் மதிப்பும் இணை இணையாக இருக்கும் அகராதி அது. இவாலை அழைப்பவர் அதைத் தாமே தயாரித்துக் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால், அழைத்த இடத்தில் புலப்படும் பெயர்கள் எல்லாம் சரத்துக்கும் புலப்படும். இங்கேதான் பலருக்கும் ஒரு யோசனை பிறக்கிறது. அகராதியில் இரண்டே பெயர்களை வைத்துவிட்டால், யார் எழுதிய சரமாக இருந்தாலும் அந்த இரண்டைத் தாண்டி எதைத் தொட முடியும்?

நிறையத் தொட முடியும். முதலாவதாக, தரப்பட்ட அகராதியில் மொழியின் உள்ளமைந்த ஃபங்ஷன்கள் இல்லையென்றால் பைதான் அவற்றைத் தானாகவே சேர்த்துவிடும். அவற்றில் எந்த மாடியூலையும் இறக்குமதி செய்யும் ஃபங்ஷனும் ஒன்று. சரி, அந்த இடத்தில் வேண்டுமென்றே வெற்று அகராதியை வைத்தால்? அப்போதும் கோவைக்குள் ஒரு வெற்று டப்பிளை, அதாவது இரண்டு அடைப்புக்குறிகளை மட்டும், எழுத முடிகிறது. பைதானில் எதுவும் ஒரு பொருள். ஒவ்வொரு பொருளுக்கும் தன் வகுப்பு தெரியும். வகுப்புக்குத் தன் தாய் வகுப்பு தெரியும். வெற்று டப்பிளிலிருந்து இரண்டு எட்டு மேலே போனால் எல்லா வகுப்புகளுக்கும் மூலமான 'ஆப்ஜெக்ட்' வந்துவிடும். அதனிடம் உன் பிள்ளைகள் யார் யார் என்று கேட்டால், அந்த நேரத்தில் நினைவகத்தில் இருக்கும் நூற்றுக்கணக்கான வகுப்புகளைப் பட்டியலிட்டுத் தரும். அவற்றில் ஏதோ ஒன்றின் ஃபங்ஷனுக்கு, தான் பிறந்த மாடியூலின் பெயர்கள் எல்லாம் தெரிந்திருக்கும். அங்கிருந்து இயக்குதளத்துக்கே பாதை திறக்கிறது. இத்தனைக்கும் ஒரு பெயரைக்கூட அகராதியில் தேடவில்லை. எல்லாமே புள்ளி வைத்துப் பின்தொடர்ந்த உறவுகள்.

இந்த உறவுகளின் பெயர்கள் பெரும்பாலும் இரட்டை அடிக்கோட்டில் தொடங்குவதால், அடிக்கோட்டையே தடைசெய்துவிடலாம் என்று அடுத்த யோசனை வரும். ஆனால் ஜெனரேட்டர்களின் உள்சட்டகத்தை அடையும் பெயர்களுக்கு அந்த முன்னொட்டுக் கிடையாது. சரங்களை வடிவமைக்கும் 'ஃபார்மட்' வசதியோ, சரத்துக்குள்ளேயே புள்ளி வைத்துப் பொருளின் உறுப்புகளைப் படிக்கவிடுகிறது. தடைசெய்த பெயரைத் துண்டுகளாக வெட்டி ஒட்டி அதனிடம் கொடுக்கலாம். ஒரு கதவை அடைத்தால் இன்னொன்று.

பைதான் இதைக் காலம் கடந்துதான் உணர்ந்தது. ஆரம்பப் பதிப்புகளில், நம்பத்தகாத நிரலை ஓட்டுவதற்கென்றே 'ரெக்ஸெக்', 'பாஸ்டியன்' என்ற இரண்டு மாடியூல்கள் மொழியோடு வந்தன. பைதான் 2.2-இல் வகைகளும் வகுப்புகளும் ஒரே அமைப்புக்குள் வந்தபோது, தப்பிக்கப் புதிய வழிகள் முளைத்தன. அவற்றை அடைக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை என்று ஒப்புக்கொண்டு 2003-இல் வந்த 2.3 பதிப்பு இரண்டையும் முடக்கியது; 3.0-இல் அவை முற்றாக நீங்கின. பைதானின் உள்மையக் குழுவைச் சேர்ந்த விக்டர் ஸ்டின்னர் 2010-இல் 'பைசாண்ட்பாக்ஸ்' என்ற திட்டத்தில் மீண்டும் முயன்றார். ஆபத்தான உறுப்புகளை எல்லாம் தேடித் தேடி மறைத்தார். மற்றவர்கள் தேடித் தேடி உடைத்தார்கள். 2013 நவம்பரில், வடிவமைப்பே தவறு என்று அவரே அறிவித்துத் திட்டத்தைக் கைவிட்டார். பைதானுக்குள் சாண்ட்பாக்ஸ் என்னும் வேலியைக் கட்டுவதை விட்டுவிட்டு, பைதானையே சாண்ட்பாக்ஸுக்குள் வையுங்கள் என்பது அவர் பரிந்துரை. தனிப் புராசஸ், உரிமை குறைந்த பயனர் கணக்கு, இயக்குதளம் தரும் வேலி ஆகியவற்றை நம்புங்கள் என்று பொருள்.

ஆங்குலர்ஜேஎஸ் சட்டகத்தின் கதையும் இதே தடத்தில் போயிற்று. வலைப்பக்க வார்ப்புருக்களில் எழுதும் கோவைகளைக் கணக்கிட அது தனக்கென ஒரு சிறு மொழியையும், அதைச் சுற்றி ஒரு சாண்ட்பாக்ஸையும் வைத்திருந்தது. பதிப்புக்குப் பதிப்பு யாராவது அதை உடைத்தார்கள். 2016 இறுதியில் வந்த 1.6 பதிப்பில் சாண்ட்பாக்ஸையே நீக்கிவிட்டார்கள். போலியான பாதுகாப்புணர்வு தருவதைவிட இல்லாமலிருப்பதே மேல் என்ற வாதம் சரியானதுதான். பிறக்கும்போதே வேலியோடு பிறக்காத மொழிக்குப் பின்னால் வேலி போட்டு எவரும் வென்றதாகத் தெரியவில்லை.

ஜாவாஸ்கிரிப்டில் இவாலின் வரலாறு வேறு மாதிரி. 1995-இல் பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்புக்காகப் பத்தே நாளில் உருவாக்கிய முதல் வடிவத்திலிருந்து இந்த மொழி வளர்ந்தது. 1997-இல் வந்த முதல் தர வரையறையிலேயே இவால் உண்டு. 2000-க்குப் பின் டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய ஜேசன் என்ற தரவு வடிவம், ஜாவாஸ்கிரிப்டின் எழுத்து முறையையே ஒட்டியிருந்தது. ஆகவே சர்வரிலிருந்து வரும் ஜேசன் சரத்தைப் படிக்கத் தனிக் கருவி தேவைப்படவில்லை: இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போட்டு இவாலிடம் கொடுத்தால் தரவு கைக்கு வந்துவிடும். (அடைப்புக்குறி இல்லாவிட்டால், தொடக்கத்தில் உள்ள நெளிவு அடைப்பைக் கட்டளைத் தொகுதியின் தொடக்கம் என்று மொழி எடுத்துக்கொண்டுவிடும்.) வருவது தரவுதான், நிரல் இல்லை என்று எப்படி உறுதிசெய்வது?

2006 ஜூலையில் வெளியான ஜேசனின் முதல் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 4627 இதற்கொரு வடிகட்டியையே அச்சிட்டுக் கொடுத்தது. மேற்கோளுக்குள் இருக்கும் சரங்களை நீக்கிவிட்டு, மிச்சத்தில் எண்களும் சில குறிகளும் குறிப்பிட்ட சில ஆங்கில எழுத்துகளும் மட்டும் இருக்கின்றனவா என்று பார். இருந்தால் இவாலிடம் கொடு. அந்த எழுத்துகள் ட்ரூ, ஃபால்ஸ், நல் என்ற மூன்று சொற்களை எழுதத் தேவையானவை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'செல்ஃப்' என்றும் எழுதலாம். பிரவுசரில் செல்ஃப் என்பது பக்கத்தின் முழு உலகையும் சுட்டும் பொருள். சதுர அடைப்புக்கும் அனுமதி உண்டு, மேற்கோளுக்குள் இருப்பதை வடிகட்டி பார்ப்பதே இல்லை. வடிகட்டியைக் கடந்துபோகும் ஒரு சரம் பக்கத்தின் எந்த உறுப்பையும் பெயர் சொல்லிக் கேட்க முடியும் என்றாயிற்று. 2009 டிசம்பரில் வந்த ஜாவாஸ்கிரிப்டின் ஐந்தாம் தரப் பதிப்பு, தரவை மட்டுமே படிக்கும் 'ஜேசன் பார்ஸ்' ஃபங்ஷனை மொழியிலேயே வைத்தது. பின்னர் 2014-லும் 2017-லும் திருத்தி வெளியிடப்பட்ட ஜேசன் ஆவணங்கள், இவாலைப் பயன்படுத்துவது பொதுவாக ஏற்கமுடியாத ஆபத்து என்றே சொல்லிவிட்டன.

வலைத்தளங்கள் இவாலை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகின்றன என்பதைக் கிரகர் ரிச்சர்ட்ஸ், கிறிஸ்டியன் ஹாமர், பிரையன் பர்க், யான் விடெக் ஆகியோர் அளந்து பார்த்தார்கள். 2011-இல் ஐரோப்பியப் பொருள்நோக்கு நிரலாக்க மாநாட்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, 10,000 வலைத்தளங்களை ஆராய்ந்தது. பெயர்பெற்ற தளங்களில் 50 முதல் 82 சதவீதம் வரை இவாலைப் பயன்படுத்தின. அந்தப் பயன்பாடுகளில் 83 சதவீதம் வரை வேறு எளிய வழிகளால் மாற்றியிருக்கக் கூடியவை. ஜேசனைப் படிப்பது ஒரு பெரிய பங்கு. பெயர் மாறியில் இருக்கும் ஓர் உறுப்பை எடுக்க, சதுர அடைப்புப் போட்டால் போதும் என்று தெரியாமல், பெயரைச் சரத்தில் ஒட்டி இவாலிடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இவை எல்லாம் குறைந்தபட்சம் கண்ணுக்குத் தெரியும் இவால்கள். தேடினால் கிடைக்கும், மாற்றினால் மாறும்.

தேடினால் கிடைக்காதவை வேறு வகை. பிஎச்பியில் சரங்களைத் தேடி மாற்றும் 'பிரெக் ரிப்ளேஸ்' ஃபங்ஷனுக்கு, வடிவத்தின் கடைசியில் 'இ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சேர்த்தால், மாற்றாக வைக்க வேண்டிய சரத்தை அது பிஎச்பி நிரலாக இயக்கும். பிஎச்பிபிபி என்ற பிரபலமான கருத்துக்கள மென்பொருள், தேடிய சொல்லைப் பக்கத்தில் வண்ணமிட்டுக் காட்ட இந்த ஒற்றை எழுத்தைத்தான் நம்பியிருந்தது. முகவரியில் வரும் தேடுசொல்லை பிஎச்பி ஒருமுறை குறிநீக்கம் செய்துவிடும். இந்த மென்பொருள் இன்னொரு முறையும் செய்தது. இரண்டு அடுக்காகக் குறியேற்றிய மேற்கோள் குறி, முதல் அடுக்கின் பாதுகாப்பைக் கடந்து, இரண்டாவதில் உண்மையான மேற்கோள் குறியாக விழித்தெழும். நிரல் சரத்தை உடைக்கும். 2004 நவம்பரில் 2.0.11 பதிப்பு இதைச் சரிசெய்தது. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் சான்டி என்ற புழு கிளம்பியது. பெர்லில் எழுதப்பட்ட அது, தன் இரைகளைக் கூகுள் தேடலிலேயே கண்டுபிடித்து, பதிப்பை மாற்றாத தளங்களின் பக்கங்களை அழித்து எழுதிக்கொண்டே போனது. கூகுள் அந்தத் தேடல்களைத் தடுத்த பிறகே வேகம் தணிந்தது. வண்ணமிடும் வரியை எழுதியவர் இவால் என்ற சொல்லைத் தட்டவே இல்லை. அந்த 'இ' 2013-இல் வந்த பிஎச்பி 5.5-இல் கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டு, 2015-இன் 7.0-இல் நீக்கப்பட்டது.

பாஷ் ஷெல்லில் ஒளிந்திருந்தது இன்னும் பழையது. ஷெல்லில் இவாலுக்கு நேர்மையான வேலைகள் உண்டு. எஸ்எஸ்எச் ஏஜென்ட் தன் முகவரியை ஷெல் கட்டளைகளாக அச்சிடுகிறது. பிள்ளைப் புராசஸால் தாய்ப் புராசஸின் சூழல் மாறிகளை மாற்ற முடியாது என்பதால், அந்த வெளியீட்டை இவாலிடம் கொடுத்துத் தாய்தான் இயக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் 1989-இல் பாஷில் சேர்ந்த வேறொரு வசதி, ஃபங்ஷன்களைச் சூழல் மாறிகள் வழியே பிள்ளை ஷெல்லுக்கு அனுப்பியது. ஷெல் தொடங்கும்போது, ஃபங்ஷன் வரையறைபோல் தொடங்கும் எந்த மாறியின் மதிப்பையும் எடுத்து உள்ளே இயக்கும். வரையறை முடிந்த பிறகும் அந்தச் சரத்தில் ஏதாவது எழுதியிருந்தால்? அதையும் சேர்த்து இயக்கிவிடும். ஒரு தனி மேசையில் இது யாருக்கும் கெடுதல் செய்யாது. ஆனால் வலைச் சர்வர்கள் சிஜிஐ முறையில், வந்தவரின் பிரவுசர் பெயர் முதலிய தலைப்புகளைச் சூழல் மாறிகளாக்கித்தான் ஸ்கிரிப்டுகளுக்குத் தந்தன. ஸ்டெஃபான் ஷாஸெலாஸ் கண்டுபிடித்த இந்த ஓட்டை, ஷெல்ஷாக் என்ற பெயரில் 2014 செப்டம்பர் 24 அன்று உலகுக்குத் தெரியவந்தபோது அதற்கு வயது 25. பிரவுசர் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையை அனுப்பினால் சர்வர் அதை ஓட்டிவிடும் நிலை.

அமெரிக்கக் கடன் தகுதி மதிப்பீட்டு நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் 2017-இல் நடந்தது ஸ்கிரிப்ட் மொழியின் எல்லைக்குச் சற்று வெளியே, ஜாவா உலகில் நடந்தது. ஆனால் குற்றவாளி அங்கும் ஓடும்போது கணக்கிடப்படும் ஒரு சிறு மொழிதான். அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் சட்டகம் ஓஜிஎன்எல் என்ற கோவை மொழியைப் பயன்படுத்தியது. கோப்பேற்றக் கோரிக்கையின் உள்ளடக்க வகைத் தலைப்பு தவறாக இருந்தால், அதைக் குறிப்பிட்டு ஒரு பிழைச் செய்தி தயாராகும். அந்தப் பிழைச் செய்தி ஓஜிஎன்எல் கோவைகளைக் கணக்கிடும் பகுதி வழியாகப் போகும். ஆக, தவறான தலைப்பில் எழுதிய கோவை சர்வரில் ஓடியது. திருத்தம் மார்ச் 7 அன்று வெளியானது. ஈக்விஃபாக்ஸ் அதைப் போடாமல் விட்ட சர்வர் வழியாக மே மாதம் நுழைந்தவர்கள் ஜூலை இறுதிவரை உள்ளே இருந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. பிழைச் செய்தி ஒரு நிரலாக இருக்கக்கூடும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

வெளிப்படையாக எழுதிய இவால் இவற்றோடு ஒப்பிட்டால் சாதுவானது. பைதானின் தர நூலகத்திலேயே அதற்கு நல்ல சான்று இருக்கிறது. 2.6 பதிப்பில் ரேமண்ட் ஹெட்டிங்கர் சேர்த்த 'நேம்டு டப்பிள்', கேட்ட புலப் பெயர்களைக் கொண்ட ஒரு வகுப்பை அந்த நேரத்தில் தயாரித்துத் தரும். எப்படி? வகுப்பின் முழு நிரலையும் ஒரு வார்ப்புருச் சரத்தில் நிரப்பி, இவாலின் இணையான 'எக்ஸெக்' மூலம் இயக்கி. கையால் எழுதிய வகுப்பின் வேகமும், தெளிவான பிழைச் செய்திகளும் இதனால் கிடைத்தன. சரத்துக்குள் வெளியிலிருந்து வருபவை புலப் பெயர்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் செல்லுபடியாகும் பெயர்தானா, மொழியின் ஒதுக்கீட்டுச் சொல் இல்லையே என்று முதலிலேயே சோதிக்கப்பட்டது. பலர் இதைக் கண்டு முகம் சுளித்தாலும், பாதுகாப்பில் குறைசொல்ல இடமில்லை. கடைசியில் அதை மாற்றியது வேறு காரணம்: நிரல்கள் தொடங்கும்போது இத்தனை வகுப்புகளையும் கம்பைல் செய்ய நேரம் பிடித்தது. 2018-இன் பைதான் 3.7-இல் நேம்டு டப்பிள் பெரும்பாலும் நேரடியாகக் கட்டப்பட்டது. புதிய பொருளை உண்டாக்கும் ஒரே ஒரு ஃபங்ஷன் மட்டும் இன்னும் சரத்திலிருந்தே பிறக்கிறது. அதே 3.7-இல்தான் 'டேட்டா கிளாஸ்' என்ற புதிய வசதியும் வந்தது. அதுவும் எக்ஸெக்கை நம்பியே தன் ஃபங்ஷன்களை எழுதிக்கொள்கிறது.

வேகம் என்று சொன்னால், இவாலின் உண்மையான செலவு அது ஓடும் நேரத்தைவிட, அது இருக்கக்கூடும் என்ற சந்தேகத்தில் இருக்கிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் எந்தெந்த மாறிகள் உள்ளன என்று கம்பைலருக்கு முன்கூட்டியே தெரிந்தால், அவற்றுக்கு எண்ணிட்ட இடங்களை ஒதுக்கிவிடும். பெயரைத் தேட வேண்டியதில்லை. உள்ளே இவால் இருந்தால் எந்தப் பெயர் எப்போது முளைக்கும் என்று தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சுருக்கும் கருவிகள், நேரடி இவால் கண்ணில் படும் இடத்தில் மாறிகளின் பெயரைக் குறுக்கத் துணிவதில்லை. பைதான் 3 வேறு முடிவெடுத்தது: ஃபங்ஷனுக்குள் எக்ஸெக் உண்டாக்கும் புதிய மாறி அந்த ஃபங்ஷனின் உள்மாறியாக ஆவதே இல்லை. டிக்கிள் மொழியிலோ கணக்குக் கோவையை நெளிவு அடைப்புக்குள் எழுதாவிட்டால் மாறிகள் இரண்டு முறை விரிக்கப்படும். 1997-இன் 8.0 பதிப்பில் பைட்கோடு கம்பைலர் வந்தபோது, அடைப்புக்குள் எழுதிய கோவைகளே வேகம் பெற்றன. பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட அறிவுரையை மக்கள் வேகத்துக்காகப் பின்பற்றினார்கள்.

கடைக்காரரின் தள்ளுபடி விதிக்குத் திரும்பினால், அதற்கு முழுப் பைதானும் தேவையில்லை. தரவு மட்டும் போதுமென்றால் 2.6 முதல் இருக்கும் 'லிட்டரல் இவால்' போதும். எண், சரம், பட்டியல், அகராதி போன்றவற்றைத் தவிர எதையும் அது ஏற்காது. கணக்கு வேண்டுமென்றால் சரத்தை இலக்கண மரமாக மட்டும் மாற்றச் செய்து, மரத்தின் ஒவ்வொரு கணுவையும் பார்த்து, அனுமதித்த கணுக்களை மட்டும் தானே கணக்கிடலாம். ஐம்பது வரியில் எழுதிவிடக்கூடிய வேலை. விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடாமல் ஏற்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதால், மறந்துபோனது எதுவும் உள்ளே வராது. இருந்தாலும் ஒரு பொறி உண்டு: அடுக்குக்குறியை அனுமதித்தால் 9**9**9 என்ற ஏழே குறிகள் சுமார் 37 கோடி இலக்கங்கள் கொண்ட எண்ணைக் கேட்கும். புள்ளி வைத்துத் தப்பியோட வழியில்லாத கோவையும் கணினியைக் கட்டிப்போடும்.

ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993-இல் பிறந்த லுவா, வேலியோடு பிறந்த மொழிக்கு அருகில் வருகிறது. 5.2 பதிப்பிலிருந்து, சரத்தை ஏற்றும்போதே அதற்கான சூழலைத் தனி உறுப்பாகக் கொடுக்கலாம். பைதானைப் போல அது தானாக எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. ரெடிஸ் தரவுத்தளம் 2012-இல் 2.6 பதிப்பில் இவால் என்றே பெயரிட்ட கட்டளையைச் சேர்த்து, பயனரின் லுவா ஸ்கிரிப்டைச் சர்வருக்குள் ஓட்டத் தொடங்கியபோது லுவாவின் எளிமையை நம்பியது. 2022-இல் தெரியவந்த ஓட்டை ரெடிஸின் நிரலில் இல்லை: டெபியன் லினக்ஸ் அதைத் தொகுத்தபோது லுவாவைத் தனி நூலகமாக இணைத்ததால், வெளி நூலகங்களை ஏற்றும் 'பேக்கேஜ்' என்ற மாறி சூழலில் நீக்கப்படாமல் தங்கிவிட்டது. 2025 அக்டோபரில் வெளியான இன்னொன்றோ லுவாவின் உள்நிரலிலேயே பல்லாண்டுகளாகக் கிடந்த பிழை. தீவிர அளவுகோலில் அதற்கு முழு 10 மதிப்பெண் விழுந்தது. மொழியின் வேலி சரியாக இருந்தாலும், அதைத் தாங்கும் சி நிரல் உடைந்தால் சரம் வெளியே வந்துவிடும்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் எழுதும் நிரல்களை அந்த நேரமே இயக்கும் பழக்கம் இந்தக் கதைக்குப் புதிய அத்தியாயம் சேர்த்திருக்கிறது. மொழி மாதிரிகளுக்குக் கணக்கு ஒழுங்காக வராது என்பதால், லாங்செயின் நூலகம் கணக்குக் கேள்வியைப் பைதான் நிரலாக எழுதச் சொல்லி, அதை இயக்கி விடையைப் பெற்றது. கேள்வி கேட்பவர் மாதிரியிடம் சற்று வளைத்துப் பேசினால், கணக்குக்குப் பதில் வேறு நிரலை எழுத வைத்துவிடலாம். 2023 ஏப்ரலில் இது பாதுகாப்பு ஓட்டையாகப் பதிவானது. திருத்தம் எளிது என்று தோன்றியது: முழுப் பைதானை விட்டுவிட்டு, எண் கோவைகளை மட்டும் வேகமாகக் கணக்கிடும் நம்எக்ஸ்பிஆர் நூலகத்துக்கு மாறினார்கள். சில மாதங்களிலேயே அடுத்த பதிவு வந்தது. எண் கோவைகளுக்கென்றே எழுதப்பட்ட அந்த நூலகம், வாங்கிய சரத்தைப் புரிந்துகொள்ள உள்ளே பைதானின் இவாலைத்தான் அழைத்துக்கொண்டிருந்தது. அறிவியல் கணக்குக்காகப் பிறந்த நூலகம் அது. எழுதியவர்களின் நினைப்பில் இருந்தது தன் கோவையைத் தானே எழுதும் ஆய்வாளர், வெளியாள் இல்லை. 2023-இல் வந்த 2.8.5 பதிப்பு, இவாலுக்கு முன்னால் ஒரு வடிகட்டியை வைத்தது: அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, சதுர அடைப்பு, இரட்டை அடிக்கோடு ஆகியவை இருந்தால் மறுக்கும், கலப்பெண்ணின் மெய்ப்பகுதியையும் கற்பனைப்பகுதியையும் எடுப்பதைத் தவிர, புள்ளி வைத்து எந்த உறுப்பையும் தொட விடாது. வேண்டாமென்றால் இந்தச் சோதனையை நிறுத்தி வைக்கவும் ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது.